திங்கட்கிழமை மூச்சு

திங்கட்கிழமையைக் கண்டு நடுங்காதவர்கள் உலகத்தில் வெகு சிலரே. பள்ளிக்கூடத்துப் பையனுக்கு அன்று காலையில் தவறாமல் வயிற்றுவலி வந்துவிடுகிறது. காரியாலயத்துக் குமாஸ்தாவுக்குத் தலை கனக்கிறது. இம்மாதிரி வியாதிகளுக்கு நம் வீட்டுத் தாய்மார்கள் நல்ல வைத்தியம் அறிவார்கள். பத்து மணி அடித்து, இனிப் பள்ளிக்கூடம் இல்லை என்று நிச்சயமானதும் பையன் எழுந்து வந்து இரண்டு தோசை கேட்பான் என்பது அவர்களுக்குத் தெரியாத ரகசியமல்ல.

ஆனால் பொய்யே கலவாத திங்கட்கிழமை வியாதி ஒன்றும் இருக்கிறது. அது பஞ்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு வருவது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் சௌக்கியமாக இருந்த மனிதன் திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைகிறான். முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் தெரிவதில்லை. பிறகு மார்பைச் சுற்றி யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல் இருக்கிறது. வறட்டு இருமல் வருகிறது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் உள்ளே போகவும் தெம்பில்லாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுகிறான். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தேவலை. புதன், வியாழன் என்று போகப் போக மார்பு லேசாகிறது. சனிக்கிழமையன்று, "எனக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்கிறான். மறுபடி ஞாயிறு, மறுபடி திங்கள், மறுபடியும் அந்தக் கயிறு.

இந்த விசித்திரமான கணக்கைப் பார்க்கிற மேஸ்திரி என்ன நினைப்பார்? "ஞாயிற்றுக்கிழமை கூத்தடித்துவிட்டு வந்து இங்கே மூச்சு வாங்குகிறான்" என்றுதான் நினைப்பார். வீட்டில் உள்ளவர்களுக்குக்கூட அந்தச் சந்தேகம் தட்டாமல் இருப்பதில்லை. நாளடைவில் அந்த மனிதனே, தன் உடம்பு சோம்பல் உடம்பு என்று நம்ப ஆரம்பித்துவிடுகிறான். உண்மையில் அவனுக்கு வந்திருப்பது பருத்தித் தூசியால் சுவாசப்பைக்கு ஏற்படும் நோய். வைத்தியர்கள் அதற்கு பிஸினோஸிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாயில் நுழையாத பெயர்தான். ஆனாலும் நம்மில் சிலராவது அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம். ஏனென்றால், டாக்டருடைய குழாயைவிட, எக்ஸ்ரே படத்தைவிட, கூட இருக்கிற வீட்டு மனிதர்களின் கண்ணுக்குத்தான் இந்த நோய் முதலில் அகப்படக்கூடியது.

*

பஞ்சாலை நோயைப் பற்றிப் பேச வந்த இடத்தில் வத்திராயிருப்பு எங்கே வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். அந்த ஊரைப் பார்த்தவர்களுக்கு இக்கேள்வி நியாயமாகவே தோன்றும். விருதுநகர் ஜில்லாவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பச்சைப்பசேல் என்ற நெல் வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே அமைந்த ஊர் அது. பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள் மலைத் தண்ணீரைத் தேக்கிக் கொடுக்கின்றன. பக்கத்திலே தாணிப்பாறை, அங்கிருந்து ஏறினால் சதுரகிரி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாய் வந்து, மூலிகைக் காற்று மேலே பட்டால் போதும், சகல ரோகமும் தீரும் என்று மலையேறுகிறார்கள். மூச்சு விடுவதற்கு இதைவிடச் சிறந்த இடம் பாண்டி நாட்டிலே அகப்படுவது அரிது.

ஆனால் காற்றைக் குடித்து ஜீவிப்பது சித்தர்களுக்குத்தான் சாத்தியம். வயலில் வேலை வருஷம் முழுவதும் கிடைப்பதில்லை. ஆகவே இப்பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆணும் பெண்ணும் கிருஷ்ணன்கோவில் வழியாக, ஸ்ரீவில்லிபுத்தூர் கடந்து, ராஜபாளையம் பக்கத்து ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் பஸ்ஸில் போகிறார்கள். சிலரை ஆலை வண்டியே வந்து ஏற்றிச் செல்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் நமக்கு ஆண்டாளும் பால்கோவாவும் நினைவுக்கு வருவது போல, ராஜபாளையம் என்றால் நாயும் நூலும் நினைவுக்கு வருகின்றன. 1936-ஆம் வருஷத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அங்கே ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அந்நிய நூலுக்குக் கைகட்டி நிற்காமல் நம்மவர் மூலதனத்தால் நம் ஊரிலேயே நூல் நூற்பது பெரிய தேசத்தொண்டு என்று கருதப்பட்ட காலம் அது. அதன் பிறகு அவ்வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் தறிகள் ஓயாமல் ஓடி, ஆஸ்பத்திரிகளுக்குக் காயம் கட்டும் பாண்டேஜ் துணி நெய்து அனுப்புகின்றன. இன்று இந்தியாவில் இருக்கும் நூற்பாலைகளில் ஏறக்குறையப் பாதி தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. அதில் நாம் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆகவே இன்ன ஆலை என்று விரல் நீட்டுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. பஞ்சு இருக்கிற இடத்தில் எல்லாம் இருக்கிற ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வந்தோம்.

பஞ்சாலைக்குள் போய்ப் பாராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆலைக்கு வரும் பஞ்சுப் பொதி இரும்பு நாடா போட்டு இறுக்கிக் கட்டிய பாறாங்கல் மாதிரி இருக்கும். அதைப் பிரித்து, அடித்து, உதறிச் சருகு நீக்கும் இடத்துக்கு ப்ளோ ரூம் என்று பெயர். அங்கிருந்து பஞ்சு கார்டிங் யந்திரத்துக்குப் போகிறது. ஆயிரக்கணக்கான நுண்ணிய கம்பிப் பற்கள் பதித்த உருளைகள் அதை வாரிச் சிக்கெடுக்கின்றன. பிறகு ட்ராயிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங், கடைசியாகக் கோன் வைண்டிங். பஞ்சு முன்னேறிச் செல்லச் செல்லத் தூசி குறைந்துகொண்டே போகும். ஆகவே முதல் இரண்டு இடங்களும்தான் மிகவும் பொல்லாதவை. பழைய காலத்தில் கார்டிங் பற்களில் அடைந்த கழிவைக் கையாலே வழித்துச் சுத்தம் செய்கிறவர்கள் பாடு சொல்லி முடியாது. இப்பொழுது புதிய யந்திரங்களில் பஞ்சு மூடிய குழாய் வழியாகவே போகிறது. தூசியை உறிஞ்சி இழுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் எல்லா ஆலையும் புதிய ஆலை அல்ல. கழிவுப் பஞ்சைக் கொண்டு நூற்கும் சிறிய ஆலைகளில் முதல் ஆலை தள்ளிய குப்பையே இரண்டாம் ஆலைக்குக் கச்சாப் பொருள். அங்கே தூசிக்குக் கேட்பானேன்?

இதிலே ஒரு சூக்ஷ்மம் உண்டு. ஆலையிலிருந்து வெளியே வருகிறவர்களின் தலைமயிரிலும் புருவத்திலும் வெள்ளை வெளேரென்று ஒட்டியிருக்கிற பஞ்சைப் பார்த்து நாம் பரிதாபப்படுகிறோம். அந்தப் பஞ்சு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. அது பெரிது, மூக்கிலேயே தங்கிவிடும். கெடுதல் செய்வது கண்ணுக்கே தெரியாத மெல்லிய தூசி. பருத்திக் காயைத் தாங்கி நிற்கும் இலைச்செதில் காய்ந்து நொறுங்கிப் பஞ்சோடு கலந்து வருகிறது. அந்தச் சருகில் ஒருவகைப் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை செத்த பிறகும் அவற்றின் உடற்சுவரில் உள்ள என்டோடாக்ஸின் என்னும் நஞ்சு சாவதில்லை. தூசியோடு சுவாசப்பைக்குள் போய் மூச்சுக் குழல்களை வீங்கவும் சுருங்கவும் செய்வதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு முதல் சில நாட்களில் குளிரும் ஜுரமும் வந்து தானே போவது உண்டு. அதையும் இந்த நஞ்சின் கைவரிசை என்றே கருதுகிறார்கள்.

அப்படியானால் தினந்தோறும் அல்லவா மார்பு இறுக வேண்டும்? திங்கட்கிழமைக்கு மட்டும் என்ன விசேஷம்? உடம்பு எதற்கும் பழகிக்கொள்ளும் சுபாவமுடையது. வாரத்தின் முதல் நாள் தூசியோடு மல்லுக்கு நிற்கிறது. அடுத்தடுத்த நாட்களில் தற்காலிகமாக ஒரு சமாதானம் செய்துகொள்கிறது. ஒருநாள் ஓய்வு கிடைத்ததும் அந்தச் சமாதானம் முறிந்துவிடுகிறது. மறுநாள் பழையபடி சண்டை. சாதாரண ஆஸ்துமா வேலைத் தூசியினால் வந்தால், வாரம் போகப் போக அதிகமாகும். இந்த நோயோ முதல் நாளில்தான் அதிகம். இரண்டையும் பிரித்தறிவதற்கு இது ஒன்றே நல்ல அடையாளம்.

*

இதை முதலில் கண்டவர்கள் யார்? சணல், ஆளி முதலிய நார்களைச் சிக்கெடுப்பவர்களின் இருமலைப் பற்றி 1700-ஆம் வருஷத்திலேயே இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி எழுதிவைத்தார். யந்திர ஆலைகள் வந்த பின்பு, 1831-இல் மாஞ்செஸ்டர் நகரத்து இளம் டாக்டர் ஜேம்ஸ் கே, நூற்பாலைத் தொழிலாளருக்கு வரும் மூச்சு நோய் வேறு, க்ஷயம் வேறு என்று பிரித்துக் காட்ட முயன்றார். 1845-இல் பெல்ஜியத்திலுள்ள கெண்ட் நகரத்தில் மரெஸ்கா, ஹேமன் என்னும் இருவர் தொழிலாளர்களை விசாரித்தபோது, திங்களும் செவ்வாயும்தான் தங்களுக்குப் பொல்லாத நாட்கள் என்று அவர்கள் சொன்னார்கள். ஆக, திங்கட்கிழமையைக் கண்டுபிடித்த பெருமை எந்த டாக்டருக்கும் உரியதல்ல. அது தொழிலாளிகள் தாமே சொன்னது. 1877-இல் பிரெஞ்சு வைத்தியர் அத்ரியான் ப்ரூஸ்த், மெல்லிய துணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து இந்நோய்க்குப் பெயர் சூட்டினார். இவருடைய குமாரர் மார்ஸெல் ப்ரூஸ்த் பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற நாவலாசிரியரானார். பிள்ளைப் பிராயத்திலிருந்தே ஆஸ்துமாவினால் அவர் பட்ட துன்பம் கொஞ்சநஞ்சமல்ல. பின்னால் மூச்சு முட்டும் குழந்தையை வீட்டிலே வைத்துக்கொள்ள நேர்ந்த தகப்பனார்தான் அதற்கு முன்பே ஊரார் மூச்சுக்குப் பெயர் தேடியிருந்தார்.

லங்காஷயர் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1861 முதல் 1865 வரையில் அமெரிக்காவில் நடந்த உள்நாட்டு யுத்தத்தினால் அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்கு வருவது நின்றுபோயிற்று. அப்போது ஸூரத் பருத்தி என்ற பெயரால் இந்தியப் பஞ்சைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். அது சருகும் மண்ணும் நிறைந்த பஞ்சு. "ஆண்டவனே, பருத்தி அனுப்பு, ஆனால் ஸூரத் பருத்தி மட்டும் வேண்டாம்" என்று மாதா கோவிலில் தொழிலாளி பிரார்த்தனை செய்ததாக ஒரு கதை வழங்குகிறது. அதனால் அவர்கள் இருமியதைப் பற்றி 1863-இல் லண்டன் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் கட்டுரையே வந்தது. நம் தேசத்தைப் பிடித்து உலுக்கிய லங்காஷயரின் மார்பை நம் தேசத்துச் சருகு கொஞ்சம் பிடித்து உலுக்கியது என்று இதைப் படிக்கும்போது ஒரு கணம் அற்பத் திருப்தி உண்டாகிறது. ஆனால் இருமியவர்கள் ஆலை முதலாளிகள் அல்லவே என்பது நினைவு வந்ததும் அந்தத் திருப்தி நிலைப்பதில்லை.

நம் பக்கத்திலே நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1908-ஆம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் தூத்துக்குடிக் கோரல் மில்லில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குப் பக்கபலமாக நின்றார்கள். கூலி உயர்வோடுகூட அவர்கள் கேட்ட முக்கியமான வரம் வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு. சில தினங்களுக்குள் கம்பெனி இறங்கி வந்தது; கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது. தேசபக்தர்களைப் பற்றிப் பேசும்போது கப்பலையும் செக்கையும் நாம் நினைக்கிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஓய்வு நாள் இல்லாத இடத்தில் திங்கட்கிழமையும் கிடையாது. மார்பு இறுக்கம் என்றைக்குத் தொடங்கிற்று, எதனால் என்று கண்டுபிடிக்க வழியே இராது. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்திலே பிளாக்பர்ன் நகரத்தில் டாக்டர் காலிஸ் என்ற ஆலைப் பரிசோதகர், கார்டிங் யந்திரம் சுத்தம் செய்கிறவர்களின் திங்கட்கிழமை மூச்சு முட்டலை ஆராய்ந்துகொண்டிருந்தார். தூத்துக்குடியில் கோரல் மில்லை நடத்தியதும் ஆங்கிலேயக் கம்பெனிதான். ஆனால் அங்கே எந்த டாக்டரும் ஆராய வரவில்லை. நாள் கணக்கை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளர் தாமே போராடிப் பெற வேண்டியிருந்தது.

பிறகு 1941-இல் இங்கிலாந்தில் இந்நோய்க்கு நஷ்டஈடு கொடுக்கும் திட்டம் வந்தது. நெடுங்காலம் வேலை செய்து அடியோடு செயலற்றுப் போனவர்களுக்கு மட்டும். 1950-க்கு மேல் டாக்டர் ஷில்லிங் என்பவர் நோயைப் படிப்படியாக வகுத்துக் காட்டினார். எப்போதாவது வாரத்தின் முதல் நாளில் மார்பு இறுகினால் அது அரைப்படி. ஒவ்வொரு வாரமும் முதல் நாளில் இறுகினால் முதற்படி. மற்ற நாட்களுக்கும் பரவினால் இரண்டாம் படி. நாளும் கிழமையும் இல்லாமல் நிரந்தரமாகவே மூச்சு குறைந்துவிட்டால் மூன்றாம் படி. முதற்படியில் இருப்பவனைத் தூசியிலிருந்து விலக்கிவிட்டால் அநேகமாகப் பழைய மூச்சு திரும்பிவிடும். மூன்றாம் படியில் எந்த மருந்தும் இழந்ததைக் கொண்டுவராது. ஆகவே இந்த நோயில் காலம்தான் எல்லாம்.

அமெரிக்கர்கள் நெடுநாள் வரையில், எங்கள் ஆலைகளில் அப்படி ஒரு நோயே இல்லை என்று சாதித்தார்கள். 1969-இல் அந்நாட்டு ஜவுளித் தொழில் பத்திரிகை ஒன்று, இது காசுக்கு விலைபோன டாக்டர்கள் கிளப்பிவிட்ட கதை என்றும், தாழ்ந்த இனத்தாருக்குத்தான் இம்மாதிரி நோய்கள் வரும் என்றும் கூசாமல் எழுதிற்று. பத்து வருஷம் போவதற்குள், 1978-இல், அந்நாட்டுச் சர்க்கார் நூல் நூற்கும் இடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பருத்தித் தூசி இருக்கக் கூடாது என்று விதி செய்தது. ஆலைக்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள், 1981-இல் தோற்றார்கள். தொழில் பாழாகிவிடும் என்று அழுதவர்கள் வேறு வழியில்லாமல் புதிய யந்திரங்கள் வாங்கினார்கள். அந்த யந்திரங்கள் தூசியைக் குறைத்ததோடு நூலையும் அதிகமாக நூற்றன என்பதைப் பின்னால் கணக்குப் பார்த்தபோது கண்டார்கள்.

*

நம் நாட்டு நிலைமை என்ன? ஆமதாபாத்தில் தொழில் சம்பந்தமான நோய்களை ஆராயும் தேசிய நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் ஆராய்ச்சியாளர்கள் அந்நகரத்து ஆலைகளில் பரிசோதித்து 1989-இல் வெளியிட்ட முடிவு இது: ப்ளோ ரூமில் வேலை செய்கிறவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேருக்கும், கார்டிங்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேருக்கும் இந்நோய் இருந்தது. காந்திஜி 1918-இல் ஆலைத் தொழிலாளருக்காக உபவாசம் இருந்த அதே ஊர். பத்துப் பேர் நின்று வேலை செய்யும் இடத்தில் மூன்று நான்கு பேருக்கு மார்பு இறுகியிருக்கிறது. தேடிப் போய்க் கேட்டபோதுதான் அது தெரிந்தது.

கேட்காவிட்டால் தெரிவதே இல்லை என்பதுதான் இந்த நோயின் மர்மம். கல்லுடைக்கிறவர்களுக்கு வரும் சிலிகோஸிஸ் எக்ஸ்ரே படத்தில் புள்ளி புள்ளியாகத் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். பஞ்சு நோய்க்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது. சுவாசப்பைப் படம் எடுத்தால், 'சுத்தமாக இருக்கிறது' என்றே வரும். க்ஷயம் இல்லை என்பது நிச்சயமானதும் டாக்டருக்கும் நிம்மதி, நோயாளிக்கும் நிம்மதி. ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் நடக்கக்கூடிய சம்பாஷணையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

"எத்தனை நாளாக இருமல்?"

"ரெண்டு வருஷமா இருக்குங்கய்யா."

"பீடி பிடிப்பதுண்டா?"

"நாளைக்கு ஒரு கட்டு ஆகுமுங்க."

"அதுதான் விஷயம்! முதலில் அதை விடு."

டாக்டர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. பீடி இந்த நோயை இன்னும் மோசமாக்கும், விடத்தான் வேண்டும். ஆனால் விசாரணை பீடியோடு முடிந்துபோயிற்று. எங்கே வேலை, எந்த டிபார்ட்மெண்டு, வாரத்தில் எந்த நாளில் அதிகம் என்ற மூன்று கேள்விகள் கேட்கப்படவே இல்லை. வெளியே நூறு பேர் காத்துக்கொண்டிருக்கும்போது டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. சீட்டில் 'ஆஸ்துமா' என்று எழுதப்படுகிறது. உறிஞ்சும் மருந்து கொடுக்கப்படுகிறது. அதனால் மூச்சுக் குழல் கொஞ்சம் விரிகிறது. மறுநாள் அதே தைரியத்தில் மறுபடி ப்ளோ ரூம்.

அப்படியே ஒரு நல்ல டாக்டர், "திங்கட்கிழமை அதிகமாக இருக்கிறதா?" என்று கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். "இல்லீங்களே" என்றுதான் பதில் வரக்கூடும். ஏனெனில் ஆலைகள் இப்போது இரவு பகலாக மூன்று ஷிப்டு ஓடுகின்றன. எல்லாருக்கும் ஞாயிற்றுக்கிழமையே விடுமுறை கிடைப்பதில்லை. ஒருவருக்குச் செவ்வாய், ஒருவருக்கு வெள்ளி என்று முறை வைத்து விடுகிறார்கள். செவ்வாய் ஓய்வு எடுத்தவனுக்குப் புதன்கிழமைதான் திங்கட்கிழமை! காண்டிராக்டில் வேலை செய்கிறவர்களில், கூலியை உத்தேசித்து, வார ஓய்வே எடுக்காமல் உழைக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தீபாவளியும் பொங்கலும் ஊர்த் திருவிழாவும்தான் ஞாயிற்றுக்கிழமை. ஆகையால் கேட்க வேண்டிய கேள்வி, "லீவு முடிந்து திரும்பிப் போன முதல் நாள் உடம்பு எப்படி இருந்தது?" என்பதுதான். வத்திராயிருப்பில் இருக்கிற தாயாரோ மனைவியோ இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை.

பெண்பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கலானது. கலியாணத்துக்கு நாலு காசு சேரும் என்று சொல்லி, இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் குமரிப் பெண்களை ஆலை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கும் 'சுமங்கலி' ஏற்பாடு தமிழ்நாட்டில் பல இடங்களில் நடந்தது. அதைப் பற்றிக் கண்டனங்களும் கோர்ட்டு விசாரணைகளும் எழுந்தன. மற்ற அநியாயங்கள் ஒருபுறம் இருக்கட்டும். நாம் பேசும் விஷயத்தைப் பொறுத்தவரை ஒன்று கவனிக்க வேண்டும். இந்நோய் முற்றுவதற்கு அநேகமாய்ப் பல வருஷங்கள் பிடிக்கும். மூன்று வருஷத்தில் பெண் ஊருக்குத் திரும்பிவிடுகிறாள். ஆலையின் பதிவுப் புத்தகத்தில் நோயாளி யாரும் இல்லை. அப்பெண் கலியாணமாகி, கொஞ்ச காலம் கழித்து வேறொரு ஆலைக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே அவள் புது ஆள். உடம்புக்கு மட்டும்தான் பழைய கணக்கு தெரியும். விடுதியில் இருக்கும் பெண்ணை மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிற தாயாருக்கு, மகள் ஊருக்கு வந்தால் நன்றாக இருக்கிறாள், திரும்பிப் போனதும் இருமுகிறாள் என்பது போனில் குரலைக் கேட்டாலே தெரிந்துவிடும். "எங்கே, மூச்சு வாங்குதா உனக்கு?" என்று கேட்டால், "தூசிதாம்மா, எல்லாருக்கும் இருக்கு" என்பாள். எல்லாருக்கும் இருப்பது நோய் ஆகாது என்ற நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

*

சட்டம் இதை மறந்துவிடவில்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், சர்க்காருக்கு அறிவித்தே தீர வேண்டிய நோய்களின் வரிசையில், இதன் பெயர் சேர்க்கப்பட்டிருந்தது. 2020-இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தொகுப்புச் சட்டத்தின் அட்டவணையிலும் இடம் பெற்றிருக்கிறது. இரண்டும் டாக்டருக்கு ஒரு கடமையை விதித்தன. ஆலையில் வேலை செய்கிறவர் அல்லது முன்பு வேலை செய்தவர் யாருக்காவது இந்நோய் இருப்பதாகத் தோன்றினால், தாமதிக்காமல் அதிகாரிக்கு எழுத வேண்டும். 'முன்பு வேலை செய்தவர்' என்ற வார்த்தைகளைக் கவனியுங்கள். ஆலையை விட்டு நின்று, வத்திராயிருப்பில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருமுகிறவருக்கும் அது பொருந்தும். ஈ. எஸ். ஐ. திட்டத்திலும் வேலையினால் வரும் நோய்களின் பட்டியலில் இது உண்டு. குறித்த காலம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்தவருக்கு, யந்திரத்தில் கை மாட்டி அடிபட்டதற்குச் சமமாக இதையும் கருதி உதவித்தொகை பெற இடம் இருக்கிறது. ஆனால் கை போனால் எல்லாருக்கும் தெரிகிறது. மூச்சுப் போனதற்குச் சாட்சி சொல்ல யாராவது முன்வர வேண்டும். சாட்சி என்பது இங்கே சம்பளச் சீட்டும், எந்த டிபார்ட்மெண்டில் எத்தனை வருஷம் என்ற விவரமும்தான். வேலையை விட்டதும் அந்தக் காகிதங்களை அடுப்பில் போட்டுவிடக் கூடாது.

இனி, இதற்கு மருந்தாக நம்மவர்கள் நம்பிக்கொண்டிருப்பவற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கட்டி வெல்லம் தின்றால், அல்லது வாழைப்பழம் சாப்பிட்டால், உள்ளே போன பஞ்சு கழிந்துவிடும் என்ற நம்பிக்கை தூசியில் உழைப்பவர்களிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது. இரண்டும் நல்ல ஆகாரம், சாப்பிடுவதைத் தடுப்பானேன்? ஆனால் அவை இறங்குவது இரைப்பைக்கு. தூசி இறங்குவது சுவாசப்பைக்கு. தொண்டைக்குக் கீழே இரண்டுக்கும் பாதை வேறு. துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வதும் அப்படித்தான். பெரிய பஞ்சைத் தடுக்கும். நாம் சொன்ன மெல்லிய தூசிக்குத் துணியின் கண் ஒவ்வொன்றும் கோவில் வாசல்.

இவற்றையெல்லாம்விடப் பொல்லாத பழக்கம் ஒன்று இருக்கிறது. ஷிப்டு முடிந்ததும் யந்திரத்தின் மேல் படிந்த தூசியைக் காற்றுக் குழாய் வைத்து அடித்து ஊதுவது. அதே குழாயினால் சட்டையையும் புடவையையும் ஊதிக்கொள்வது. பார்வைக்குச் சுத்தம்தான். ஆனால் தரையிலே படுத்துக்கொண்டிருந்த தூசியை எழுப்பி மூக்குக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துவதற்கு இதைவிட நல்ல உபாயம் கிடையாது. தூசியை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் யந்திரத்துக்குச் செலவு ஆகும் என்பது வாஸ்தவமே. துடைப்பத்தையும் காற்றுக் குழாயையும் விட்டொழிப்பதற்கு அவ்வளவு செலவு ஆகாது. பஞ்சைக் கழுவியோ இலேசாக ஆவி பிடித்தோ எடுத்தால் அதன் கொடுமை குறைகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். ஆனால் நூற்பதற்கு அது கொஞ்சம் இடைஞ்சல் என்பதால் ஆலைகள் விரும்புவதில்லை.

நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு எக்ஸ்ரே உதவாது என்றோம். உதவுவது ஸ்பைரோமீட்டர் என்ற ஊதும் கருவி. ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊத வேண்டும். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்று அது காட்டும். ஓய்வு நாளுக்கு மறுநாள் வேலைக்குப் போகும்போது ஒருமுறையும், வேலை முடிந்து வரும்போது ஒருமுறையும் ஊதச் சொன்னால், அந்த எட்டு மணி நேரத்தில் எவ்வளவு மூச்சு குறைந்தது என்பது எழுத்தில் வந்துவிடும். சீனாவிலே ஷாங்காய் நகரத்தில் 1981 முதல் பஞ்சாலைத் தொழிலாளரையும் பட்டாலைத் தொழிலாளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வருஷக் கணக்காக இப்படி ஊதச் செய்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பட்டு நூற்றவர்களைவிடப் பஞ்சு நூற்றவர்களின் மூச்சு வேகமாகத் தேய்ந்தது. மார்பு இறுக்கம் என்று ஒருநாளும் சொல்லாதவர்களிடத்திலும் தேய்வு தெரிந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சிலருக்கு அது ஓரளவு தேறியும் வந்தது.

ஊதும் கருவி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. காலண்டர் கிடைக்கும். ஆலைக்குப் போகிற ஒருவர் நம் வீட்டிலோ, அண்டை வீட்டிலோ, நம்மிடம் வேலை செய்கிறவர்கள் குடும்பத்திலோ இருந்தால், இரண்டு மாத காலத்துக்கு இதைச் செய்து பார்க்கலாம். விடுமுறை நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். மார்பு இறுகிய நாளுக்கு ஒரு கோடு. இருமிய நாளுக்கு ஒரு புள்ளி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போட்டுக் கொடுக்கலாம். வட்டத்துக்கு அடுத்த நாளிலேயே கோடுகள் வந்து விழுந்துகொண்டிருந்தால், அந்தக் காலண்டரையும், எந்த டிபார்ட்மெண்டில் எத்தனை வருஷம் வேலை என்ற விவரத்தையும் எடுத்துக்கொண்டு ஈ. எஸ். ஐ. டாக்டரிடம் போக வேண்டும். கோடுகள் அடுத்தடுத்த நாட்களுக்கும் பரவ ஆரம்பித்திருந்தால், அந்த மாதமே போக வேண்டும்.